டம்ளருக்குப் பேரு உண்டு

வா பேராண்டி, வா. பொங்கலுக்குப் பேரன் கார்ல வாரான்னு உங்க ஆச்சி தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கா. முக்கால் கார்லதான் வாரான்னு ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலியே! வலது காது, அதாம்லே சைடு மிரர், அதக் காணும். அடிவயித்துல தொங்குற ஸ்டெப்னியக் காணும். மூக்குல இருந்த கம்பெனி முத்திரையும் போயி, மூக்குத்தி கழட்டுன மூக்கு மாதிரி ரெண்டு ஓட்டைதான் முழிக்கி. இன்னும் ஒரு வருஷம் அந்த மெட்ராஸ் தெருவுலயே வண்டிய நிறுத்து. அடுத்த பொங்கலுக்கு ஸ்டீரிங்க மட்டும் கையில புடிச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்து எறங்குவ.

சிரிக்காத. கிழவனுக்கு என்ன தெரியும்னு நெனைக்கியா? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, சரிதான். ஆனா பத்து வருஷமா உன் சித்தப்பன் ஒர்க்‌ஷாப்புல பழைய டயர் மேல உக்காந்து வம்பளக்கேன். அங்க வந்து அழுதவன் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம். அதுக்கு முன்னாடி நாப்பது வருஷம் மாட்டு வண்டி ஓட்டுனவன் நான். களவாணிக்கு மாட்டு வண்டி, மோட்டார் வண்டிங்கிற பேதமெல்லாம் கிடையாதுலே.

எங்க அய்யா பருத்தி ஏத்திக்கிட்டு கோவில்பட்டிக்குப் போவாரு. எட்டையபுரம் சந்தைக்கும் போவாரு. ராத்தங்கலுக்கு வண்டிய அவுத்துப் போட்டா, மாட்டுக்குத் தண்ணி காட்டுன கையோட ரெண்டு கடையாணியையும் உருவி மடியில கட்டிக்கிட்டுத்தான் படுப்பாரு. கடையாணி எம்புட்டு இருக்கும்? விரல் நீளம். ஆனா அது இல்லாட்டா, நாலடி உருட்டுனதும் சக்கரம் அச்ச விட்டுக் கழண்டு தனியா ஓடிரும். வண்டியக் களவாட வந்தவன் வெறுங்கையோட போகணும். கடையாணியக் களவாட வந்தவனுக்கோ, அய்யா மடியில கை வச்சாத்தான் சோலி. அய்யா மடியில கை வைக்க எங்க அம்மாவே பயப்படுவா.

உன் அப்பன் முதமுதல்ல கார் வாங்குனப்போ, அதே சோலியத்தான் செஞ்சான். பாட்டுப்பெட்டியோட முகத்த மட்டும் படக்குன்னு கழட்டி, ஒரு டப்பாவுக்குள்ள வச்சு, கல்யாண வீட்டுப் பந்தியிலயும் இலைக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டுச் சாப்பிட்டான். நான்கூட அது என்னமோ கண்ணாடிக் கூடுன்னு நெனைச்சேன். இப்ப வார கார்ல பாட்டுப்பெட்டி டேஷ்போர்டோட ஒட்டிப் பொறந்துருது. களவாணியும் அத விட்டுட்டு வெளிப்பக்கம் வந்துட்டான். காது, மூக்கு, கால், அடிவயிறுன்னு வைத்தியர் மாதிரி தொட்டுத் தொட்டுப் பாக்கான்.

அடிவயித்துல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? ஸ்டெப்னிய விடு. சைலன்சர் போற வழியில கேட்டலிடிக் கன்வெர்ட்டர்னு ஒரு டப்பா இருக்கு. புகையில இருக்கிற விஷத்த முறிக்கிறதுக்கு. உள்ள தேனடை மாதிரி பீங்கான். அது மேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம்னு மூணு ராஜாவூட்டு உலோகம் பூசியிருக்கு. எல்லாம் சேந்து சில கிராம்தான். 2021-ல அந்த ரோடியம் தங்கத்தப் போல பத்து மடங்குக்கும் மேல வெலை போச்சு. உங்க ஆச்சி ஒரு கிராம் மூக்குத்தியக் கழட்டி அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வைக்கா. நீ அதவிட ஒசந்த சரக்க அடிவயித்துல கட்டித் தொங்கவிட்டு, புங்க மரத்து இருட்டுல நிறுத்திட்டு மாடியில ஏறிப் படுத்துக்கிடுத.

குஜராத்துலயும் மகாராஷ்டிராவுலயும் மாருதி ஈகோ வேனாப் பாத்து சைலன்சரக் கழட்டுற கூட்டங்களையே போலீஸ் புடிச்சிருக்கு. வெடிய எந்திரிச்சுச் சாவியத் திருகுனவன், தன் வேன் டிராக்டர் மாதிரி உறுமவும்தான் சங்கதி தெரிஞ்சு எறங்கி ஓடியிருக்கான். களவாணிக்குக் கிடைச்சது டப்பாவுக்குள்ள இருக்கிற அந்தப் பீங்கான். சொந்தக்காரனுக்குப் போனது முழு சைலன்சர் காசு. நம்ம கிணத்து மோட்டார்ல காப்பர் வயர அறுத்துட்டுப் போறானே, அதே கணக்குதான். அவன் தீயில எரிச்சுக் கிலோ கணக்குல போடுவான், ரெண்டு நாள் சாராயத்துக்கு ஆகும். நமக்கு மோட்டார் கட்டுற கூலி, வயர் காசு, அதுக்குள்ள காஞ்சுபோன மிளகாச் செடி. அவன் எடுக்கது கையளவு, நமக்குப் போறது காடளவு.

சரி, நீ என்ன காவல் போட்டிருக்கன்னு பாப்போம். பின் கண்ணாடியில ‘அய்யனார் துணை’. நல்லது. நம்ம அய்யனாரு கோயில் மணியையே ரெண்டு தடவ களவாண்டு போயி, இப்ப சங்கிலி போட்டுப் பூட்டி வச்சிருக்கோம். அவரு மணியக் காக்கவே நம்ம சங்கிலி வேண்டியிருக்கு, நீ உன் ஸ்டெப்னியையும் அவரு தலையில கட்டுத. அவரும் எத்தனன்னுதான் பாப்பாரு? அப்புறம் முன்னால எலுமிச்சம்பழம், மிளகா. ஏதோ, களவாணிக்குத் தாகம் எடுத்தா சர்பத்துக்கு ஆகும்.

கார் மேல போர்வை போட்டேன்னு சொல்லுத. அங்கதாம்லே நீ அவனுக்குப் பந்தல் போட்டுக் குடுத்திருக்க. அவன் உள்ள புகுந்து, போர்வைய இழுத்து விட்டுக்கிட்டு, செல்போன் வெளிச்சத்துல பிரசவம் பாக்க மாதிரி நிதானமாப் பாத்திருப்பான். தெருவுல போறவனுக்கு ஒண்ணும் தெரியாது. போர்வை வெயிலுக்கும் காக்கா எச்சத்துக்கும் காவல், களவுக்கு இல்ல. போர்வையையும் கொண்டு போகாம விட்டானே, அவன் நல்லவன்.

அலாரம் இருக்குன்னு சொல்லுத. இருக்கு, கதவத் தொட்டாக் கத்தும். அவன் எங்க கதவத் தொட்டான்? ஜாக்கி போட்டுத் தூக்குனா அது பாட்டுக்குத் தூங்குது, உன்ன மாதிரி. வண்டி சாஞ்சாலும் கத்துறதுக்கு டில்ட் சென்சார்னு ஒண்ணு தனியா இருக்காம்; உன் சித்தப்பன் சொல்லுதான். அதக் கேட்டு வாங்கிப் போடு. கேமரா வச்சா, உன் வீட்டு வாசலப் பாக்க வைக்காத. வாசல்ல பால் பாக்கெட்டுதான கெடக்கு? வண்டியப் பாக்க வையி. வெளக்குக் கம்பத்துக்குக் கீழ நிறுத்து. காக்கா எச்சம் விழுந்தா விழுது, கழுவிக்கிடலாம். காணாமப் போனதக் கழுவ முடியாது. ஒரு பக்கத்தச் செவத்தோட ஒட்டி நிறுத்தி, காத மடக்கி வையி. அந்தப் பக்கம் அவன் உடம்பு நொழையாம இருந்தா, மிச்சம் ஒரு பக்கந்தான் உனக்குக் கவலை.

சக்கரத்துக்கு லாக் நட்டுன்னு விக்கான். ஒரு சக்கரத்துக்கு ஒண்ணு, அதத் திருக அதுக்குன்னே செஞ்ச தனிச் சாவி. மத்த ஸ்பேனர் ஒண்ணும் அதுல உக்காராது. இந்தக் காலத்துக் கடையாணி அதுதான்னு வையேன். ஆனா அதுலயும் நம்ம ஆளுக புத்தியக் காட்டாம இருக்காங்களா? ஒருத்தன் அந்தச் சாவிய டிக்கியில, ஜாக்கிக்குப் பக்கத்துலயே, களவாணி தேட வேண்டாம்னு அடுக்கி வச்சிருந்தான். இன்னொருத்தன் ரொம்ப உஷாரு. பீரோவுக்குள்ள, பட்டுச்சேலைக்கு அடியில வச்சிருந்தான். நடுராத்திரி திருமங்கலம் தாண்டிப் பஞ்சர் ஆகியிருக்கு. சாவி விருகம்பாக்கத்துல, சக்கரம் நாலுவழிச் சாலையில. வெடிஞ்சு உன் சித்தப்பன் போயி அந்த நட்ட ஒடைச்சு எடுத்து, ஒடைச்ச கூலி வாங்கிட்டு வந்தான். அந்தக் காசுலதான் அன்னைக்கு எங்களுக்குப் பரோட்டா. வீல் கப்புக்குப் பெரிய யோசனையெல்லாம் வேண்டாம். மாங்காத் தோட்டத்துல குழாய் கட்டுவோமே, அந்த பிளாஸ்டிக் டேக், ஒரு கப்புக்கு ரெண்டு போட்டு இறுக்கிரு. அறுக்கிற நேரத்துக்கு அவன் அடுத்த வண்டிக்குப் போயிருவான். பக்கத்து வீட்டுக்காரன் வண்டிக்குன்னு வச்சுக்கோ. பாவந்தான், என்ன செய்ய.

இன்சூரன்ஸ் இருக்குன்னு மெதப்புல இருக்காதலே. பேச்சுக்கு உன் காது மூவாயிரம் ரூபா. பிளாஸ்டிக் சாமான்னு பாதி தேய்மானம் கழிப்பான், ஆச்சு ஆயிரத்து ஐநூறு. 1500 சி.சி.க்குள்ள உள்ள வண்டிக்கு ஆயிரம் ரூபா உன் தலையிலன்னு சட்டம், மிச்சம் ஐநூறு. அந்த ஐநூற வாங்குனா, க்ளெய்ம் போடாம இருந்ததுக்குத் தார தள்ளுபடி போச்சு. முத வருஷம் 20 சதவீதம், ஏறி ஏறி அஞ்சு வருஷத்துல 50 சதவீதம் வரைக்கும் வரும் அது. வண்டிச் சேதத்துக்குக் கட்டுற பணம் பன்னெண்டாயிரம்னா, 50-ல நிக்கவனுக்கு ஆறாயிரம் போச்சு. ஐநூறு வாங்க ஆறாயிரம் குடுத்தவன்னு உம்பேர ஒர்க்‌ஷாப் செவத்துல எழுதி வைப்போம். தேய்மானம் கழிக்காத பாலிசியும் விக்கான், அதுக்குக் காசு கூட. முழு சைலன்சரே போனா க்ளெய்ம் போடு, வேண்டாங்கல. காதுக்கும் மூக்குக்கும் போடாத. ஆனா ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து சி.எஸ்.ஆர். ரசீது ஒண்ணு வாங்கி வையி. பொருள் வராது, இருந்தாலும் வாங்கி வையி.

இப்ப எங்கிட்ட மறைக்கிற சங்கதிக்கு வாரேன். பின் சீட்டுல பேப்பர் சுத்தி ஒண்ணு கெடக்கே, அது என்ன? புதுக் காது. எம்புட்டுக்கு வாங்குன? எண்ணூறா! கடையில மூவாயிரம் சொன்னான், புதுப்பேட்டையில எண்ணூறுக்குப் படிஞ்சுதோ? பேரம் பேசுன சாமர்த்தியத்த உங்க ஆச்சிகிட்டச் சொல்லு, அவ மெச்சுவா. புதுப்பேட்டையில நாணயமா யாவாரம் பண்ணுத ஆளுக நெறைய இருக்காங்க. ஆக்சிடெண்ட் ஆன வண்டி, ஆயுசு முடிஞ்ச வண்டியப் பிரிச்சு, கணக்கெழுதி, பில்லும் போட்டுக் குடுப்பாங்க. பில் எங்க? இல்லியா. கேக்கவே இல்லியா. ரைட்டு.

எங்க அய்யா ஒரு கதை சொல்லுவாரு. அவரு சின்னப் பிள்ளையா இருக்கையில தொழுவுல கட்டியிருந்த மாடு ராவோட ராவாக் காணாமப் போகுமாம். மூணாம் நாள் ஒரு பெரிய மனுசன் வெத்தல போட்டுக்கிட்டு வருவாரு. ‘உங்க மாடு அந்த ஓடைப் பக்கம் நிக்கதாக் கேள்வி, கொஞ்சம் செலவாகும்’பாரு. அதுக்குப் பேரு துப்புக்கூலி. காசக் குடுத்தா, மறுநாள் சொன்ன மரத்துல மாடு கட்டிக் கெடக்கும். களவாண்டவன் யாருன்னு மாட்டுக்காரனும் கேக்க மாட்டான், துப்புச் சொன்னவரும் சொல்ல மாட்டாரு. மரியாதையா நடக்குற களவு. இப்ப நீ போயிக் குடுத்துட்டு வந்தியே எண்ணூறு, அதுவும் துப்புக்கூலிதாம்லே. ஒரே ஒரு வித்தியாசம், எங்க அய்யா காலத்துல அவனவன் மாடே அவனவனுக்குத் திரும்ப வரும்.

சட்டத்தயும் கேட்டுக்கோ. இப்ப பாரதிய நியாய சன்ஹிதான்னு, 2024 ஜூலை ஒண்ணாந்தேதியில இருந்து. அதுல 303-ஆம் பிரிவு களவுக்கு. எடுத்தது அஞ்சாயிரத்துக்குக் கீழ, முத தடவ மாட்டுனவன், பொருளத் திருப்பியும் குடுத்துட்டான்னா, சமூக சேவைன்னு பார்க்கப் பெருக்கச் சொல்லி விட்டுருவாங்க. 317-ஆம் பிரிவு, களவுப் பொருளுன்னு தெரிஞ்சே வாங்குனவனுக்கு. மூணு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம். கழட்டுனவன் வெளக்கமாறோட வெளிய, வாங்குனவன் கம்பிக்கு உள்ள. தெரியாமதான் வாங்குனேம்பியா? மூவாயிரம் ரூபாச் சாமான எண்ணூறுக்கு, பில்லு இல்லாம, பொழுது சாய வாங்கிட்டு, ‘எனக்குத் தெரியாது எஜமான்’னு நீ சொல்லையில உம்மூஞ்சியப் பாக்க நான் கோர்ட்டுக்கு வரணும்.

அடே, முகத்தத் தொங்கப் போடாத. ஒரு நல்ல யோசனை சொல்லுதேன், இத மட்டும் செஞ்சா போதும். உங்க ஆச்சி சீர் வாங்கையில பாத்திரக்கடையில ஒருத்தன் சின்ன மிஷின வச்சு டர்ர்ர்ருன்னு பேரு வெட்டுவான், பாத்திருக்கியா? அண்டாவுல இருந்து கரண்டி வரைக்கும் பேரு. நாப்பது ரூபா டம்ளர்ல பேரு வெட்டுன சனம், பத்து லட்ச ரூபாக் காருல ஒரு எழுத்து வெட்டல. எங்க காலத்துல மாட்டுக்குத் தொடையில சூடு போட்டு அடையாளம் வைப்போம். உன் வண்டி நம்பர எல்லாக் கண்ணாடியிலயும் பொறிச்சுக் குடுக்க ஆளு இருக்கான். காதுக்குள்ள இருக்கிற கண்ணாடியில, பேட்டரியில, சக்கரத்துக்கு உள்பக்கத்துல, அந்தச் சைலன்சர் டப்பாவுலயும் வெட்டிரு. நம்பர் உள்ள சாமான வாங்குறதுக்கு யாவாரி யோசிப்பான், யாவாரி யோசிச்சா களவாணி வேற தெருவுக்குப் போவான். பழைய சாமான் வாங்குனாலும் மொதல்ல திருப்பிப் பாக்கணும், எவன் பேரு இருக்குன்னு.

எங்க, அந்தப் பேப்பரப் பிரி, பாப்போம். மூடியக் கழட்டு. வெளிச்சத்துல காட்டு. என் கண்ணுக்குத் தெரியல, நீ வாசி... ம்ம். டி.என்., அப்புறம்? உன் நம்பர் இல்லல்ல? எவனோ ஒரு வெவரமானவன் வெட்டித்தான் வச்சிருக்கான். அவன் இப்ப எந்த ஊர்ல, எந்தக் கிழவன் முன்னால தலையச் சொறிஞ்சுக்கிட்டு நிக்கானோ.

ஏ ஆச்சி, பேரன் வந்து எம்புட்டு நேரமாச்சு, காப்பி எங்க? ம், குடு. குடிலே, ஆறிரும்.

என்ன டம்ளரத் திருப்பித் திருப்பிப் பாக்க? ‘மு.ரா.’ன்னு வெட்டியிருக்கா? நம்ம வீட்டுப் பேரு அது இல்லதான். மேலத்தெரு முத்துராமன் வீட்டுக் கல்யாணத்துல பந்தி முடிஞ்சு ஏனம் கழுவையில மாறிப் போச்சு. இருபத்தஞ்சு வருஷமாத் திருப்பிக் குடுக்கணும், குடுக்கணும்னு உங்க ஆச்சியும் சொல்லிக்கிட்டுத்தான் இருக்கா. எழுத்த உள்ளங்கைக்குள்ள மறைச்சுப் புடிச்சுக் குடிலே, அவரு மகன் அந்தா தெருவுல வாரான்.