லஞ்சத்துக்கு ரசீது உண்டா?

எண்பதுகளில் சென்னை அரண்மனைக்காரத் தெருவில் ஓர் ஏஜென்சியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஐரோப்பியக் கம்பெனி ஒன்றின் பம்புகளையும் வால்வுகளையும் அரசு ஆலைகளுக்கு விற்றுக் கொடுப்பது தொழில். பெயர் வேண்டாம், ஏஜென்சியும் இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. எங்கள் பேரேட்டில் 'இதர செலவுகள்' என்று ஒரு பக்கம் உண்டு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லேசாக உப்பும். டெண்டர் திறக்கும் வாரத்தில் நன்றாகவே கொழுக்கும். ஹெட் கிளார்க் வவுச்சரை நீட்டி, "காபி, டிபன்னு போட்டுக்கோப்பா" என்பார். தொகை ஐயாயிரமாக இருக்கும். அன்றைக்கு அந்தப் பணத்தில் தெருவுக்கே காபி வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

ஒருமுறை ஜெர்மனியிலிருந்து அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகக் கணக்கர் வந்தார். அந்தப் பக்கத்தை விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார். வேலை போச்சு என்றுதான் நினைத்தோம். நிமிர்ந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "வாங்கினவர்கிட்ட கையெழுத்து கிடைக்குமா?" முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கேட்டவரோ சிரிக்கவில்லை. வெளிநாட்டு அதிகாரிக்குக் கொடுத்த லஞ்சத்தை வியாபாரச் செலவாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ள அவர் நாட்டில் அப்போது வழி இருந்தது. 1999 வரை இருந்தது. செலவு என்றால் கணக்கர் ஆதாரம் கேட்கத்தானே செய்வார்?

ரசீது கொடுத்தே வாங்கியவர்களும் உண்டு. அமெரிக்காவின் லாக்ஹீட் கம்பெனி ஜப்பானில் விமானம் விற்கப் பணம் இறக்கியபோது, இடையில் இருந்தவர்கள் 'வேர்க்கடலை 100' என்று எழுதிக் கையெழுத்தே போட்டார்கள். ஒரு கடலைக்குப் பத்து லட்சம் யென். மொத்தம் 50 கோடி யென் வாங்கியதாக முன்னாள் பிரதமர் தனாகா 1976-ல் கைதானார். எங்கள் ஹெட் கிளார்க்குக்கு இந்தக் கடலைக் கணக்கு தெரிந்திருந்தால் காபியை விட்டிருப்பார்.

அந்த அவமானத்தில்தான் 1977 டிசம்பரில் அதிபர் கார்ட்டர் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அமெரிக்கக் கம்பெனிக்காரர் எந்த நாட்டு அதிகாரிக்குக் கொடுத்தாலும் அமெரிக்காவில் குற்றம். ஆனால், அதிகாரி எப்படியும் செய்ய வேண்டிய வழக்கமான வேலையைச் சீக்கிரம் செய்து தருவதற்கான பணத்துக்கு மட்டும் விலக்கு. ஃபைல் நகர்த்தும் காசு! நம்மூர் ஆபீஸ் வராந்தாவில் நின்று பார்க்காத ஒருவருக்கு இந்த விலக்கு தோன்றியிருக்காது.

சட்டம் வெகுநாள் தூங்கியது. விழித்த பிறகு அகப்பட்ட பெரிய கம்பெனிகளில் ஒன்று, அமெரிக்கப் பங்குச் சந்தையிலும் இருந்த ஜெர்மன் கம்பெனி சீமென்ஸ். பெட்டியோடு போய்ப் பணம் வாங்கிக்கொள்ள அங்கே தனி கவுன்ட்டரே இருந்தது. ஒப்புதல் கையெழுத்தை மஞ்சள் ஒட்டுத்தாளில் போடுவார்களாம். வேண்டாதபோது உரித்துப் போட்டுவிடலாம். 2008-ல் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாக 160 கோடி டாலர் கட்டினார்கள். ரகசிய நிதியை நிர்வகித்த மேலாளர் ஒருவருக்கு மியூனிக் நீதிமன்றம் இரண்டு ஆண்டு தண்டனை விதித்தது, அதையும் நிறுத்திவைத்தது. மூன்று ஆண்டு கழித்து, ஹைட்டியின் அரசுத் தொலைபேசி நிறுவன அதிகாரிகளுக்குக் கொடுத்ததற்காக ஃபுளோரிடாவின் ஒரு சின்னக் கம்பெனித் தலைவருக்கு 15 ஆண்டு சிறை. கம்பெனி சின்னதென்றால் தண்டனை பெரியது போலும்.

இப்போது என் மகள் ஓ.எம்.ஆரில் ஓர் ஐ.டி. கம்பெனியில் இருக்கிறாள். வருஷா வருஷம் லஞ்ச ஒழிப்புப் பயிற்சி. கேள்விக்குப் பதில் சொன்னால் சான்றிதழ். போன முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாடிக்கையாளர் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புகிறார், நீங்கள் என்ன செய்வீர்கள்? அ, ஆ, இ, ஈ.

"முந்திரி கேக்கா, மைசூர்பாகான்னு சொல்லலையேம்மா?"

"அப்பா, சும்மா இருங்க. மேலதிகாரிக்குத் தெரிவிக்கணும். அதுதான் ஆன்சர்." நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள்.

இதே ஓ.எம்.ஆரில்தான், சோழிங்கநல்லூரில், அமெரிக்க ஐ.டி. கம்பெனியான காக்னிசன்ட்டின் பெரிய வளாகம் இருக்கிறது. அதன் திட்ட அனுமதிக்காகத் தமிழ்நாட்டு அதிகாரி தரப்பில் 20 லட்சம் டாலர் கேட்கப்பட்டது, 2014-ல் கம்பெனியின் தலைவர் கார்டன் கோபர்னும் தலைமைச் சட்ட அதிகாரி ஸ்டீவன் ஷ்வார்ட்ஸும் அதற்குச் சம்மதித்தார்கள் என்று 2019-ல் நியூ ஜெர்சியில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. கட்டட ஒப்பந்ததாரர் கொடுத்துவிட்டு, 'கூடுதல் வேலை' என்ற பில்லில் திரும்ப வாங்கிக்கொள்வது ஏற்பாடாம். காபி, டிபன்தான், கொஞ்சம் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். இருவரும் குற்றத்தை மறுத்தார்கள். கம்பெனி தானே முன்வந்து சொன்னதால் அதன்மேல் கிரிமினல் வழக்கு இல்லை. அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்துக்கு 2.5 கோடி டாலர் கட்டி முடித்துக்கொண்டது.

அந்த இருவர் மீதான வழக்கு ஆறு ஆண்டு இழுத்தது. விசாரணை தொடங்கவிருந்த நேரத்தில், 2025 பிப்ரவரி 10 அன்று அதிபர் டிரம்ப் வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தின் அமலாக்கத்தை 180 நாள் நிறுத்திவைத்தார். அமெரிக்கக் கம்பெனிகள் போட்டியில் பின்தங்குகின்றனவாம். எங்கள் முதலாளியும் இதையேதான் சொல்வார், இவ்வளவு நல்ல இங்கிலீஷில் அல்ல. ஏப்ரலில் அரசுத் தரப்பே கேட்டு, மறுபடி தொடுக்க முடியாதபடி வழக்கு தள்ளுபடியானது.

அந்த அமெரிக்கச் சட்டம் கொடுப்பவரைத்தான் பிடிக்கும். வாங்கியவர் அதன் கைக்கு எட்டமாட்டார். அவரைப் பிடிக்க நம்மிடம் ஊழல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவருக்கும் அதில் நேரடியாகவே தண்டனை உண்டு. அதை 180 நாள் நிறுத்திவைக்க இங்கே யாரும் உத்தரவு போடவில்லை. போட வேண்டிய அவசியம் வந்ததில்லை.