துணி எதுக்குடா துள்ளுது?

இங்கிலாந்தில் 1986-ல் சால்மன் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். அதன் 32-வது பிரிவுக்கு அன்று வைத்த பெயர், 'சந்தேகத்துக்கிடமான நிலையில் சால்மன் மீனைக் கையாளுதல்'. நான் கட்டிவிட்ட கதையில்லை. கோட்டு போட்ட கனவான்கள் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிறைவேற்றிய பிரிவு. திருட்டு மீன் என்று சந்தேகப்பட நியாயம் இருந்தும் தெரியாத மாதிரி அதை வாங்கினாலோ, விற்றுக்கொடுக்க உதவினாலோ உள்ளே போக வேண்டியதுதான்.

அவர்கள் அதை எழுதுவதற்கு மூன்று வருஷம் முன்பே எங்கள் பெரியப்பா அதே பிரிவில் ஒருவனைப் பிடித்துவிட்டார்.

1983 சித்திரை மாசம். சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். அப்போது திண்டுக்கல் தனி மாவட்டம்கூட இல்லை. அது 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. அன்று காலையில்தான் குளத்தில் மீன்பிடித் திருவிழா முடிந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் மாமா பையன் ஒருவன் மஞ்சள் பையோடு நின்றான். நல்ல பிள்ளை மாதிரி தலை சீவியிருந்தான். அதுவே பெரியப்பாவுக்குச் சந்தேகம்.

"பைக்குள்ள என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா. துணி. திண்டுக்கல்லுல தைக்கக் குடுக்கணும்."

"துணி எதுக்குடா துள்ளுது?"

வழக்கு அங்கேயே முடிந்தது. தீர்ப்பு மட்டும் பாக்கி. அதற்கு முன்னால் வழக்கின் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது கொஞ்சம் பழசு. ஆயிரம் வருஷம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வரி வரும். குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்கு ஊருக்குக் கட்டும் காசு. அந்தக் காசைக் குளத்தைத் தூர்வாரவே செலவு செய்த ஊர்களும் உண்டு. மீன் தன் வீட்டுக்குத் தானே மராமத்துச் செலவு கொடுத்திருக்கிறது. இன்றைக்கும் கண்மாயை ஏலம் விடும்போது 'மீன்பாசி குத்தகை' என்றுதான் சொல்கிறோம். ராஜ்யங்கள் எத்தனையோ போயின. பாசி மட்டும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது.

அந்தப் பக்கம் இங்கிலாந்தில் 1215-ல் ஜான் மன்னரை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்க வைத்தார்கள். மனித உரிமைக்கெல்லாம் தாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதேதான். அதன் 33-வது ஷரத்து எதைப் பற்றி என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. தேம்ஸ் நதியில் மீன் பிடிக்கக் கட்டியிருக்கும் தடுப்புகளை எல்லாம் பிடுங்கிப் போடு என்கிறது அது. சுதந்திரம் ஒரு கையில், மீன்பொறி மறு கையில். அதே சமயம் நம் பக்கத்தில் பாண்டியன் சடையவர்மன் குலசேகரன் ஆண்டுகொண்டிருந்தான். அவனிடம் யாரும் முத்திரை கேட்கவில்லை. நம் ஊர்க்காரர்களுக்கு வயலில் வேலை இருந்தது.

அப்புறம் திண்டுக்கல் மலைமேல் கோட்டை எழும்பியது. 1605-ல் நாயக்கர் தொடங்கினார், 1755-ல் ஹைதர் அலி வந்து உட்கார்ந்தார், திப்பு ஆண்டார், 1792-ல் கும்பெனிக்காரன் கைக்குப் போனது. மேலே பீரங்கியை யார் எந்தப் பக்கம் திருப்பினாலும், கீழே குளத்து மீன் ஒரே பக்கம்தான் போனது. குழம்புச் சட்டிக்கு.

வெள்ளைக்காரனுக்கு இங்கே எல்லாம் பிடித்திருந்தது, மீனைத் தவிர. கெண்டையில் முள், கெளுத்தியில் மீசை, விராலில் பாம்புத் தலை. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்கத் தன் ஊர் ட்ரவுட் வேண்டும் என்று ஏங்கினான். ட்ரவுட் என்பது சால்மனின் பங்காளி, ஒரே குடும்பம். பிரான்சிஸ் டே என்று ஒரு ராணுவ டாக்டர், 1863-ல் ட்ரவுட்டைக் கொண்டுவந்து நீலகிரியில் விடப் பார்த்தார். மீனுக்கு நம் வெயிலைப் பற்றி முன்னமே யாரோ சொல்லியிருக்க வேண்டும். வழியிலேயே உயிரை விட்டுவிட்டது. அதே 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் கோடைக்கானலில் ஓடைக்கு அணை போட்டு ஏரியாக்கினார். துரைமார்களுக்குத் தண்ணீர் தயார், படகு தயார், தொப்பி தயார். மீன்தான் வரவில்லை.

மீன் வராவிட்டால் என்ன, சட்டம் வந்தது. 1879-ல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். அந்தச் சட்டம் பாதுகாத்தது எல்லா மீனையும் அல்ல, வெளியிலிருந்து கொண்டுவந்து பழக்கிய மீனை. சீமையிலிருந்து வந்த கெண்டை வகையறா ஊட்டி ஏரியில் ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது, சரி. ஆனால் நாயகனான ட்ரவுட் பிழைத்து நின்றது வில்சன் என்பவர் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் வைத்த பிறகுதான். மாப்பிள்ளை வருவதற்கு 28 வருஷம் முன்பே பந்தல் போட்டு வாசலில் காவல்காரனையும் நிறுத்திய கல்யாணம் இது.

மலைக்குக் கீழே இருக்கிற நம் மீனுக்கு? அதற்கும் டே துரைதான் வந்தார். அவரே பின்னால் மீன்வளத் தலைமை ஆய்வாளர் ஆனார். இந்தியா முழுக்கக் கலெக்டர், தாசில்தார் எல்லோருக்கும் கேள்வித்தாள் அனுப்பி, வந்த பதிலையெல்லாம் தொகுத்து 1873-ல் தடிமனாக அறிக்கை கொடுத்தார். குஞ்சு மீனை அள்ளுகிறார்கள், வலைக்கண் சின்னது, தண்ணீரில் விஷம் கலக்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம். நியாயமான வருத்தம்தான். அந்தக் கேள்வித்தாள் நம் தாலுகாவுக்கு வந்த நாளை நான் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. 'உங்கள் பகுதியில் வலைக்கண்ணின் அளவு என்ன?' தாசில்தார் கிராம முன்சீப்பைக் கேட்கிறார், முன்சீப் தலையாரியைக் கேட்கிறார், தலையாரி குளத்துக்குப் போய் வலைக்காரரைக் கேட்கிறார். "துவரம்பருப்பு நுழையும், புளியங்கொட்டை நுழையாதுன்னு எழுதிக்கங்க சாமி" என்று பதில் அதே ஏணியில் மேலே ஏறுகிறது. கூடவே ஒரு கூடை அயிரையும் ஏறுகிறது. அதை அறிக்கையில் சேர்க்கவில்லை.

அறிக்கை போய் 24 வருஷம் ஊறிய பிறகு, 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1867-ல். வெடிக்கும் தடைக்கும் நடுவில் முப்பது வருஷம். 4-வது பிரிவு, வெடி வைத்து மீன் பிடிக்காதே. 5-வது பிரிவு, விஷம் கலந்து பிடிக்காதே. மீறினால் இரண்டு மாதம் வரை சிறை அல்லது 200 ரூபாய் வரை அபராதம்.

இது திண்டுக்கல்லுக்கென்றே எழுதின மாதிரி இருக்கும். எங்கள் பூமி பாறை. மண்வெட்டி நாலு அடிக்கு மேல் இறங்காது, அப்புறம் தோட்டாதான் பேசும். கிணறு வெட்ட வாங்கின தோட்டாவில் ஒன்று கணக்கில் உதைத்தால், அது ராத்திரி ஏதோ ஒரு குளத்தில் வெடித்திருக்கிறது என்று அர்த்தம். வெடிக்கு வசதியில்லாதவனுக்குக் காக்காய்க்கொல்லி விதை. அரைத்துக் கலக்கினால் மீன் மயங்கி மல்லாந்து மிதக்கும்.

அமலாக்கம் என்ற இடத்தில்தான் சட்டத்துக்கு வியர்த்தது. 7-வது பிரிவு, வாரண்டு இல்லாமல் கைது செய்யலாம் என்கிறது. எப்போது? அதிகாரி கண்முன்னே குற்றம் நடக்க வேண்டும். அப்புறம், செய்தவன் யாரென்று அவருக்குத் தெரியக் கூடாது, கேட்டால் பெயர் ஊர் சொல்ல மறுக்கணும், இல்லையென்றால் பொய்யாகச் சொல்கிறான் என்று சந்தேகம் வரணும். எங்கள் ஊரில் யாருக்கு யாரைத் தெரியாது? இருட்டில் இருமினாலே இன்னார் பேரன் என்று சொல்லிவிடுவார்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த அதிகாரி கரையில் நின்று பெயர் கேட்கப் போகிறார்? குத்தகைக்காரர் போட்ட காவல் குடிசையும் அவர் வளர்த்த நாயும்தான் நடைமுறையில் அந்தச் சட்டம். நாய்க்குக் கருவாடு போட்டால் சட்டமும் வாலாட்டும்.

சுதந்திரம் வந்தது. அரசாங்கம் தன் பங்குக்கு 1952-ல் ஆப்பிரிக்க மீன் ஒன்றைக் கொண்டுவந்து விட்டது. திலேப்பியா. நாம் அதற்கு ஜிலேபி என்று பெயர் வைத்துக் குளம் குளமாகக் குடியேற்றினோம். அது நாட்டு மீனின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பட்டா கேட்காத குறை. அடுத்து இன்னொரு ஆப்பிரிக்க விருந்தாளி, கெளுத்தி. கண்டதையும் தின்று கொழுக்கும், பக்கத்து மீனையும் விட்டுவைக்காது. இதற்கு 2000-ல் மத்திய அரசு தடை போட்டது. அதிலிருந்து அதிகாரிகள் போவதும், பண்ணைக் குட்டையை இறைப்பதும், மீனைக் குழி வெட்டிப் புதைப்பதும், போட்டோ எடுப்பதும், அடுத்த குட்டையில் அது மீசை முறுக்குவதும் வழக்கமாக நடக்கிறது. கிழக்குக் கடலுக்கும் ஒரு தடை உண்டு, மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 45 நாளாக இருந்ததை 2017-ல் 61 நாளாக்கினார்கள். அந்தச் சமயத்தில் திண்டுக்கல் மார்க்கெட்டில் எந்த மீனைக் கேட்டாலும் "டேம் மீனு சார், உயிர் மீனு" என்பார்கள். எந்த டேம் என்று கேட்டால் கத்தியைத் தீட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

இப்போது எங்கள் குளத்துக்கு வருவோம். அங்கே சட்டப் புத்தகம் கிடையாது, ஒரே ஒரு துண்டு உண்டு. அறுவடை முடிந்து தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றினதும் தண்டோரா போடுவார்கள். விடியற்காலையில் சுற்றுப்பட்டி சனமெல்லாம் கரையில் நிற்கும், கையில் ஊத்தா, கச்சா, வலை, ஒன்றும் கிடைக்காதவர் கையில் பழைய சேலை. ஊர்ப் பெரியவர் சாமி கும்பிட்டுவிட்டு வெள்ளைத் துண்டை வீசுவார். அதற்கு முன் ஒரு கால் தண்ணீரில் படக் கூடாது. வீசினதும் குளம் சேறாகிவிடும். அடியில்லாத கூடைதான் ஊத்தா. குத்த வேண்டும், உள்ளே ஏதாவது முட்டினால் மேல் ஓட்டை வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். வழுவழுவென்றால் விரால், சுருக்கென்றால் கெளுத்தி முள், அசையாமல் இருந்தால் பக்கத்தில் நிற்பவர் கால்.

சாதி, ஊர், காசு எதுவும் அன்றைக்குக் கேட்கக் கூடாது என்பது ஏற்பாடு. நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். பிடித்த மீனை விற்கக் கூடாது. வீட்டில் குழம்பு வை, சாமிக்குப் படை, சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தனுப்பு. தராசில் மட்டும் ஏற்றாதே. ஏற்றினால் அடுத்த வருஷம் மழை வராது என்பார்கள். மழைக்கும் தராசுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "வித்தா காசு. காசுன்னா ராத்திரியே வந்து அள்ளிருவான். அப்புறம் பகல்ல ஊருக்கு என்ன இருக்கும்?" என்றார் பெரியப்பா. மூன்றாவது வகுப்பு படித்தவர்.

வெள்ளைக்காரன் இதற்கு வந்து சேர ரொம்ப நாள் பிடித்தது. ஆற்றில் தூண்டில் போட்டுப் பிடித்த சால்மனை விற்கக் கூடாது என்று ஸ்காட்லாந்து சொன்னது 2002-ல். இங்கிலாந்தும் வேல்ஸும் சொன்னது 2009-ல். காரணமும் பெரியப்பா சொன்னதுதான். விலை இல்லாவிட்டால் திருடனுக்கு வேலை இல்லை. அவர்கள் அதை நாலு பக்கத்துக்கு எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, தீர்ப்பு. பையைக் கவிழ்த்தார்கள். சட்டை ஒன்று, அதற்குள் முழங்கை நீளத்தில் நாலு விரால். அவன் கெண்டையை எடுத்திருந்தால் தப்பித்திருப்பான், அது கரையேறினதும் அடங்கிவிடும். விரால் காற்றைக் குடித்துக்கொண்டு வெகுநேரம் கிடக்கும். குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது மீனின் மூச்சு. கோயிலுக்கு ஒரு டின் விளக்கெண்ணெய், அடுத்த வருஷம் ஊத்தா தொடக் கூடாது, இரண்டு தண்டனையும் ஏக காலத்தில்.

சாட்சிப் பொருளைப் பாதுகாக்கும் பொறுப்பைப் பெரியப்பாவே ஏற்றுக்கொண்டார். துண்டில் சுற்றி, அக்கம்பக்கம் பார்த்து, கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏதுங்க இம்புட்டு விராலு?" என்றார் பெரியம்மா.

பெரியப்பா கதவைச் சாத்தினார்.

"கேள்வி கேக்காம மசாலை அரை."

துண்டு இன்னும் துள்ளிக்கொண்டிருந்தது.