கண்ணுல மலை தெரியுதா?

பந்தயப் புறாவுக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று ஏழு விஷயம் எழுதித் தருவதாகப் பக்கத்துத் தெருப் பையனிடம் ஒப்புக்கொண்டு மூன்று வாரம் ஆகிறது. இன்றைக்கு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதைக் கொட்டிவிட்டு ஏழுக்கு வருகிறேன்.

வாத்தியார் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஏரியாவிலும் ஒருவர் இருப்பார். புறாவின் கண்ணைப் பார்த்தே தரம் சொல்பவர். சட்டைப் பையில் தங்க ஆசாரி கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ். அவர் கூண்டில் எத்தனை புறா இருக்கிறது, அதில் எத்தனை பரிசு வாங்கியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களுக்கு டீ மட்டும் கிடைத்திருக்கிறது.

ஏணியில் ஏறும்போதே, "எங்க தம்பி, அந்த ஓங்கோல் பொட்டைய காட்டு" என்றார்.

ஓங்கோல் பொட்டை என்றால் என் குள்ளி. புளூ பார். ஆகாய வழியில் ஓங்கோலிலிருந்து பெரம்பூருக்கு 265 கிலோமீட்டர் போல வரும். போன மாதப் பந்தயத்தில் காலை 6.30-க்கு அங்கே கூடையைத் திறந்தார்கள். 10.34-க்கு இவள் என் தலைக்கு மேலே. 10.34-லிருந்து 10.45 வரை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலே. கிழக்கே பார்த்தாள், மேற்கே பார்த்தாள், இறக்கையைக் கோதினாள். நான் தீனி டப்பாவை ஆட்டினேன், விசில் அடித்தேன், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டேன். புறா ஆகாயத்தில் இருக்கிறவரைக்கும் கணக்கு இல்லை, கூண்டுக்குள் காலை வைத்தால்தான் கணக்கு. ஒவ்வொரு வீட்டுக்கும் தூரம் வேறு என்பதால் நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்றுதான் போடுவார்கள். அந்தப் பதினோரு நிமிடம் போக எனக்கு ஆயிரத்துச் சொச்சம் மீட்டர், மூன்றாவது இடம். தொட்டி இல்லாத தெருவில் வீடு எடுத்திருந்தால் முதலிடம். இதைப் பற்றி எதிர்வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறேன். தொட்டியை எடுக்க முடியாதாம்.

சரி, குள்ளிக்கு வருவோம். வாத்தியார் வந்த அன்று அவள் முட்டை கட்டியிருந்தாள். முட்டை கட்டிய பொட்டையைக் கையில் எடுத்துப் பிசையக் கூடாது என்பது நேற்றுப் புறா வாங்கினவனுக்கும் தெரியும். "வேணாம்ணே" என்றேன். "நான் பிடிச்சா ஒண்ணும் ஆவாது" என்றார். பிடித்தார். லென்ஸை இடுக்கினார். மூச்சை அடக்கினார்.

இந்த இடத்தில் நாம் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். நானும் மூச்சை அடக்கினேன். பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைக் கடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்க்கும்போது பெண்ணின் அப்பா அடக்குவாரே, அந்த மாதிரி.

வெயிலுக்கு நேரே திருப்பினார். கண்மணி சுருங்கிற்று. நிழலுக்குத் திருப்பினார். விரிந்தது. அதைச் சுற்றி முதல் வளையம், அதைத் தாண்டி இரண்டாம் வளையம், அதற்கும் அப்பால் நிறம். நிறத்துக்குள் மலை தெரிய வேண்டும். மலைக்கு நடுவே பள்ளத்தாக்கு வேண்டும். வளையம் முழுசாகச் சுற்றினால் ஒரு அர்த்தம், முன்பக்கம் மட்டும் தடித்தால் ஒரு அர்த்தம், மஞ்சளாய் இருந்தால் தூரத்துக்கு, ஊதா கலந்திருந்தால் ஜோடி போட. மஞ்சள் கண்ணுக்கு வெள்ளைக் கண்ணைத்தான் கட்ட வேண்டும், வெள்ளைக்கு வெள்ளை ஆகாது. ஒரே கோத்திரம் மாதிரி. இங்கிலீஷ்காரர்கள் இதற்கு ஐ-சைன் என்று பெயர் வைத்துப் புத்தகமே போட்டுவிட்டார்கள் என்பதால் இதில் உண்மை இருந்தே தீர வேண்டும் என்பது நம் கட்சி.

வாத்தியார் லென்ஸை எடுத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ஒண்ணுமே இல்ல தம்பி. வெறுங்கண்ணு. மலையும் இல்ல, மடுவும் இல்ல. மத்த புறா பின்னாடியே தொத்திக்கினு வந்துருக்கும்."

மூன்றாவதாக வந்த புறா யார் பின்னால் வந்திருக்கும்? இரண்டு பேர் பின்னால். அந்த இரண்டு பேரும் இறங்கியது கொளத்தூரிலும் வியாசர்பாடியிலும். அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு இவள் ஆட்டோ பிடித்து பெரம்பூர் வந்தாளா? இதெல்லாம் எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குத்தான் தோன்றிற்று. அப்போது நான் சொன்னது, "அப்படியாண்ணே?"

சொல்ல வெட்கமாக இருக்கிறது, என்னிடமும் ஒரு லென்ஸ் இருக்கிறது. சௌகார்பேட்டையில் வாங்கினேன், பத்து மடங்கு பெரிதாக்கும். வாங்கின வாரம் நான் பார்க்காத கண் கிடையாது. கூண்டில் இருந்த இருபத்திரண்டு புறாவையும் பார்த்தேன். கீழே கடையில் கட்டியிருந்த கோழியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவர் திருப்பிப் பார்த்த பார்வைக்கு லென்ஸ் தேவைப்படவில்லை. கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தேன், பள்ளத்தாக்கு மட்டும் தெரிந்தது. மச்சான் கடன் கேட்டு வந்திருந்தபோது, கண்ணில் தூசி என்று சாக்குச் சொல்லி அவன் கண்ணையும் பார்த்தேன். அப்பேர்ப்பட்ட மலை. இரண்டு வளையமும் முழுசு. நீண்ட தூரம் போனாலும் திரும்பி வரும் ஜாதி என்று முடிவு கட்டி இருபதாயிரம் கொடுத்தேன். இரண்டு வருஷம் ஆகிறது. கண் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது, போன பொங்கலுக்கும் பார்த்தேன்.

அதே காலத்தில் வாத்தியாரையும் ஒருமுறை சோதித்தேன். காலையில் வெயிலில் ஒரு செக்கர் ஆண் புறாவைக் கொடுத்தேன். "இத கூடையில ஏத்தாத, ஜோடிக்கு வையி, வம்சம் விளங்கும்" என்றார். டீ குடித்துவிட்டு, டியூப்லைட் வெளிச்சத்தில் அதே ஆணை, அதே காலில் அதே ரிங்கோடு நீட்டினேன். "இதுக்குப் போயி தீனி போட்டுக்கினு கீறியே, சூப்பு வையி" என்றார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. செக்கரிடமும் சொல்லவில்லை.

அப்புறம் நெருப்பு. என்னிடம் இருந்த சிவப்பு செக்கர். போன சீசனில் வாத்தியார் அதன் கண்ணைப் பார்த்துவிட்டுத் தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையில் நின்று பார்த்தார்கள். "எரிமலை தம்பி" என்றார். எரிமலையைக் கூடூரில் திறந்துவிட்டோம். 120 கிலோமீட்டர் போல. ஆரம்பப் பள்ளிப் பாடம். இன்னும் வரவில்லை. பைரி அடித்திருக்கலாம், எங்காவது ஒரு கூட்டத்தோடு இறங்கியிருக்கலாம். வாத்தியாரைக் கேட்டால், "அது வேற ஏதோ பெரிய இடத்துக்குப் போயிருக்கும்" என்கிறார்.

கண்ணைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்ல முடியும். வெள்ளைக் கண், அதாவது முத்துக் கண், மறைந்து நின்று வரும் பண்பு. ஆரஞ்சுக் கண் ஜோடிக்கும் முத்துக் கண் குஞ்சு பிறக்கலாம், இரண்டு பேர் ரத்தத்திலும் அது ஒளிந்திருந்தால். அவ்வளவுதான். அதுவும் குஞ்சுக்குக் கண் முதலில் கறுப்பாகத்தான் இருக்கும், நிறம் தெளியச் சில மாதம் ஆகும். அதுவரைக்கும் நம்மவர்களுக்குப் பொறுமை ஏது? இருபத்தைந்தாம் நாளே தாயிடமிருந்து பிரித்து, லென்ஸை மாட்டி, "கண்ணு சரியில்ல" என்று சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தாயும் தகப்பனும் தொண்டைப் பையில் பால் சுரந்து மாறி மாறி ஊட்டி வளர்த்த குஞ்சு. தகப்பனும் பால் கொடுக்கிற ஜாதி இது. அதை ஒருநாள்கூடப் பறக்கவிட்டுப் பார்க்காமல் கோணியில் போட்டு விற்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே வருகிறது.

உலகமே இப்படித்தான் என்பது இன்னும் எரிச்சல். 2020-இல் பெல்ஜியத்தில் நியூ கிம் என்று இரண்டு வயதுப் பொட்டை ஒன்று 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போயிற்று. நம் கணக்கில் அன்றைக்குப் பதினாலு கோடி. அந்த மாதிரி ஏலங்களில் புறாவுக்கு முழு உருவத்தில் ஒரு படம் போடுவார்கள், கண்ணுக்குத் தனியாக ஒரு படம். அந்தக் கண் படத்தை வாத்தியார் போனில் சேமித்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி எல்லோருக்கும் காட்டினார். கடைசியில் திரை முழுக்க வெறும் ஆரஞ்சுக் கட்டம் கட்டமாய்த் தெரிந்தது. "பாத்தியா மலைய" என்றார். ஏலத்தில் எடுத்தவர்கள் அந்தப் பொட்டை பந்தயத்தில் என்ன செய்தது என்பதையும் பார்த்திருப்பார்கள் என்றேன். அது ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததால் அவர் கவனிக்கவில்லை.

இன்னொன்று கேளுங்கள். புறா வீட்டுக்கு எப்படி வருகிறது என்று ஆராய்ந்தவர்கள் யாரும் கண்ணில் மலை தேடவில்லை. 1971-இல் அமெரிக்காவில் கீட்டன் என்பவர் புறா முதுகில் காந்தம் ஒட்டிவிட்டுப் பார்த்தார். வெயில் இருந்தால் சமாளித்தன, மேகம் மூடினால் தடுமாறின. வெயிலும் திசை காட்டுகிறது, பூமியின் காந்தமும் காட்டுகிறது என்று ஆயிற்று. அதே காலத்தில் இத்தாலியில், பீசாவில், பாப்பி என்பவரும் கூட்டாளிகளும் மூக்கைத் தொட்டார்கள். வாசனை தெரியாமல் செய்துவிட்டால் பழக்கமில்லாத ஊரிலிருந்து வீடு திரும்பப் புறா திண்டாடுகிறது என்றார்கள். காற்றில் வருகிற வாசனையை வைத்துப் புறா மனதில் ஊர் வரைபடம் போடுகிறதாம். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. காசிமேட்டு மீன் வாடையும் கூவமும் இருக்கிற ஊருக்கு எந்தப் புறாதான் வழி தவறும்? ஆனால் பாருங்கள், இத்தனை வருஷத்தில் ஒரு வாத்தியாராவது புறாவின் மூக்கில் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறாரா? "மூக்குல மலை தெரியுது தம்பி" என்று ஒருவர் சொன்னால் அவர் காலில் விழுந்துவிடுவேன்.

டார்வினும் புறா வளர்த்தவர்தான். லண்டன் புறா கிளப்புகளில் சேர்ந்து, வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேசிக் கேட்டு எழுதினார். 1859-இல் வந்த அவருடைய புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் புறாதான் பேச்சு. கைப்பிரதியைப் படித்த ஒருவர், மற்றதை விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதுங்கள், எல்லோரும் வாங்குவார்கள் என்று யோசனை சொன்னாராம். அந்தக் கிளப்பிலும் ஒரு வாத்தியார் இருந்திருப்பார் என்பது என் திடமான எண்ணம். அவர் டார்வினிடம், "எல்லாம் சரி தம்பி, கண்ணு பாத்தியா?" என்று கேட்டிருப்பார்.

ஏழு விஷயம். மறக்கவில்லை.

ஒன்று: புறாவைக் குறை. இருபது புறாவுக்கான கூண்டில் நாற்பது வைத்துவிட்டு மருந்துக் கடைக்கு ஓடாதே. நோய் வருவது நெருக்கத்தில், ஈரத்தில், கழுவாத தண்ணீர்ப் பாத்திரத்தில். இதைச் சொன்னால் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிடுகிறது. வாய்க்குள் மஞ்சளாய்த் தயிர்க்கட்டி மாதிரி ஒட்டினால் அது கேன்கர், ஒரே பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் குடிப்பதால் பரவுவது, தாய்ப்புறா ஊட்டும்போது குஞ்சுக்கும் போவது. கழுத்தைத் திருகிக்கொண்டு தண்ணீராய்ப் பேண்டால் அது வைரஸ்; அதற்கு முன்கூட்டியே ஊசி போட வேண்டுமே தவிர, வந்தபிறகு பூண்டு உரித்துப் பிரயோஜனம் இல்லை. காலையில் கூண்டைத் திறந்ததும் நான் முதலில் குனிந்து பார்ப்பது எச்சத்தை. கெட்டியாய், உருண்டையாய், மேலே வெள்ளைக் குல்லா வைத்தது மாதிரி இருந்தால் அன்றைக்கு நிம்மதி. முட்டி போட்டுக்கொண்டு நான் அதைப் பார்ப்பதை எதிர்வீட்டுக்காரர் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறார். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

எச்சத்தைப் பார்த்தால் புறாவின் இன்றைய நிலைமை தெரியும். ஆனால் எச்சத்துக்கு எந்த வாத்தியாரும் லென்ஸ் எடுப்பதில்லை. கௌரவக் குறைச்சல்.

இரண்டு: தண்ணீர்ப் பாத்திரம்

இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் போன் வந்தது. வாத்தியார்.

"இன்னா தம்பி, குள்ளி முட்டை வெச்சிருச்சாமே?"

செவ்வாய் சாயங்காலம் ஒன்று, வியாழன் மத்தியானம் ஒன்று. முதல் முட்டையை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் முட்டை வைத்து, இரண்டாவது வந்ததும் திருப்பி வைத்தேன், இரண்டும் ஒன்றாய்ப் பொரியட்டும் என்று. பதினெட்டு நாள் கணக்கு. இது இவருக்கு எப்படித் தெரிந்தது? பையன்தான் சொல்லியிருப்பான். ஏழு விஷயம் கேட்டானே, அவன்.

"ஆமாண்ணே."

"அந்த ஜோடி முட்டைய எனக்குக் குடு. நம்ம கிட்ட ஒரு ஜோடி சும்மா அடை குந்திக்கினு கீது, அதுங்க கீழ வெச்சுக்கிறேன்."

"வெறுங்கண்ணுன்னு சொன்னீங்களேண்ணே."

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பின்னால் அவர் புறாக்கள் குனுகுவது மட்டும் கேட்டது.

"அது கண்ணு தம்பி. இது ஓங்கோலு."

நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பையன் முதலில் வந்தால், ஒன்று சொல்லியாயிற்று, மீதி ஆறு அப்புறம் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு இப்போது இரண்டு பிளாஸ்டிக் முட்டையை வெதுவெதுப்பாக்குகிற வேலை இருக்கிறது.