புதினத்தார்

பருத்தித்துறை பஸ் நிலையத்தில் 750 வந்து நின்றால், யார் யார் இறங்குகிறார்கள், யாருடைய பைக்குள் யாழ்ப்பாணத்து நகைக்கடைப் பெட்டி ஒளிந்திருக்கிறது, யார் போகும்போது இருவராகப் போய் வரும்போது தனியாக வருகிறார் என்பதெல்லாம் கொண்டக்டருக்குத் தெரியாது. புதினத்தாருக்குத் தெரியும்.

இலங்கையின் வடமுனையில் இருக்கிற இந்தச் சின்னப் பட்டினத்தில் ஊர்ச் செய்தி காவும் புதினத்தார் ஒருவர்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கைக்கு ஒருவர் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். சங்கக்கடை மனேச்சராகவோ தபால் கந்தோரிலோ இருந்து பென்சன் எடுத்தவர். அல்லது பென்சன் எடுக்கிற அளவுக்கு எந்த உத்தியோகத்திலும் நிலைக்காதவர். வாகனம் ஒரு பழைய லுமாலாச் சைக்கிள். ஹாண்டிலில் சந்தைப் பை தொங்கும். பைக்குள் அநேகமாக ஒன்றும் இராது. அவர் மீன் வாங்கத்தான் புறப்பட்டார் என்பதற்கு வீட்டுக்காரிக்குக் காட்டும் அத்தாட்சி அது.

காலையில் மீன் சந்தை, பிறகு ஓடக்கரைத் தோசை, பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடை, நூல்நிலையத்தில் பேப்பர். பேப்பரில் அவர் முதலில் விரிப்பது மரண அறிவித்தல் பக்கம். அரசியலை அவர் வாசிப்பதில்லை, அது அவருக்கு முன்பே தெரியும். பின்னேரம் மந்திகை ஆஸ்பத்திரியில் நோயாளர் பார்க்கும் நேரம். யாரைப் பார்க்கப் போகிறார் என்று கேட்காதீர்கள். வார்ட்டுக்குள் நுழைந்தபின்தான் அதை அவர் தீர்மானிப்பார்.

அவருடைய கெட்டித்தனம் என்னவென்றால், அவர் கேள்வியே கேட்பதில்லை. கேட்டால் நாங்கள் உசாராகிவிடுவோம் அல்லவா? பிழையாக ஒன்றைச் சொல்லுவார். அவ்வளவுதான்.

“தம்பி, தங்கச்சிக்கு லண்டன் மாப்பிள்ளையாம். நல்ல சந்தோசம்.”

“லண்டன் இல்லை மாமா, ரொறன்ரோ.”

“ஓமோம், ரொறன்ரோதான். ஆவணியில எல்லோ கலியாணம்?”

“இல்லை, தையில.”

“மண்டபம் நெல்லியடியிலதானே?”

“அது இன்னும் சரிவரேல்லை மாமா, சீதனக் காணி கொஞ்சம் இழுபடுது...”

நீங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரமுதல் அந்தக் காணி பரப்புக் கணக்கோடு சந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அம்மா கேட்டால், “நான் ஒண்டும் சொல்லேல்லையே” என்பீர்கள். உண்மைதான். நீங்கள் திருத்தினீர்கள், அவ்வளவே.

புதினத்தார் பொய் சொல்லுவதில்லை என்பதை நான் எங்கேயும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன். அவர் உண்மையைக் கொஞ்சம் முந்திச் சொல்லுகிறவர். 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் அடுத்த மாதம் வரப்போகிறது என்று 2002 சமாதான காலத்திலேயே சொல்லத் தொடங்கினார். மாதாமாதம் சொன்னார். இடையில் இன்னொரு யுத்தமும் வந்து போனது. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. “நான் சொன்னனான்தானே?” என்று அவர் கேட்டபோது மறுக்க ஒருவராலும் முடியவில்லை. 2019இல் பலாலியிலிருந்து மறுபடி சென்னைக்கு விமானம் பறந்ததும், 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்ததும் அவருடைய கணக்கில் அப்படியே வரவு வைக்கப்பட்டன.

பகிடி விடலாம். ஆனால் 1990இலிருந்து குடாநாட்டில் வருசக்கணக்காக மின்சாரம் இல்லாதிருந்தபோது, ரேடியோவுக்குப் பற்றரியும் கிடைக்காதபோது, சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோ கறண்டில் பிபிசி தமிழோசை கேட்டவர்கள் இவர்களைப் போன்றவர்கள்தான். பேப்பர்கள் கொப்பித் தாளில் அச்சான காலம் அது. சுற்றுகிற வேகம் குறைந்தால் லண்டன் குரல் தேய்ந்துவிடும். அந்த இடைவெளியைப் புதினத்தார் தானே நிரப்பினார். அடுத்த நாள் ஒழுங்கை முழுக்கப் பரவியதில் லண்டன் சொன்னது எது, அவர் சொன்னது எது என்று பிரிக்க ஏலாது. அப்போது அவரை ஒருவரும் பகிடி பண்ணவில்லை. வாசலில் காத்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகுதான் தொழில் இறங்குமுகமானது. முதல் அடி மதில். கிடுகு வேலி இருந்த காலத்தில் வேலியில் ஒரு பொட்டு இருக்கும். பொட்டுக்குள்ளால் பால் போகும், கறி போகும், புதினமும் போகும். வெளிநாட்டுக் காசு வந்து ஆளுயர மதிலும் இரும்புக் கேற்றும் எழும்பின. அதுவும் போதாதென்று கேற்றில் கமராவும் பூட்டினார்கள். அந்தக் கமராவை நிமிர்ந்து பார்க்கும்போது அவர் முகத்தில் தெரிவது பயமில்லை, போட்டிக்காரனைக் கண்ட எரிச்சல்.

இரண்டாவது அடி கைபேசி. ஒருநாள் விடியப்புறம் ரொறன்ரோவிலிருந்து மகள் எடுத்தாள். “அப்பா, பின் ஒழுங்கை மாஸ்டர் மோசம் போயிட்டாராம். உங்களுக்குத் தெரியாதோ?” பின் ஒழுங்கை! அவர் படுத்திருந்த கட்டிலிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். அன்றைக்கு மீன் சந்தைப் பக்கமே அவர் போகவில்லை. செத்தவீட்டிலும் ஒருவரோடும் கதையாமல் கதிரையில் இருந்ததைப் பார்த்தவர்கள், மாஸ்டரோடு இவருக்கு இவ்வளவு பாசமா என்று அதிசயப்பட்டார்கள்.

அந்தக் கதிரையில் இருந்துகொண்டுதான் அவர் தொழிலை மாற்றி அமைத்தார். செத்தவீட்டு நேரடி ஒளிபரப்புக்காரன் பெட்டியடியை மட்டும் காட்டிக்கொண்டு நின்றான். பின்கேற்றால் வந்து பின்கேற்றாலேயே போன தம்பியார் குடும்பம், தேத்தண்ணி தொடாமல் எழும்பிய சம்பந்தி, காணி உறுதி யாருடைய அலுமாரியில் இருக்கிறது என்று கிணற்றடியில் நடந்த கதை, இதொன்றும் அந்த வீடியோவில் இல்லை. எட்டுச் செலவுக்கு முதலே ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று அவருக்கு அழைப்பு வரத் தொடங்கிவிட்டது. இப்போது சந்தைப் பைக்குள் ஒரு பவர்பாங்க் இருக்கிறது.

நீங்கள் பருத்தித்துறைப் பக்கம் போனால் தெருமூடி மடத்துக்குக் கீழால் ஒருக்கால் நடந்து பாருங்கள், தட்டை வடை இரண்டு பைக்கற் வாங்குங்கள். சைக்கிளில் ஒருவர் வந்து காலை ஊன்றி, “நீங்கள் மானிப்பாய் ஆக்கள்தானே?” என்று சொன்னால், தயவுசெய்து திருத்தாதீர்கள். ஓம் என்று சொல்லிவிட்டு வடையைக் கடியுங்கள்.