கிளாக்கர் ஐயாவின் சுவெட்டர்

கண்டி வாவியைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்களில் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிளாக்கர் யார் என்று விசாரிக்கத் தேவையில்லை. மற்றவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு போவார்கள். இவர் சுவெட்டரின் மேல் பொத்தானையும் பூட்டிக்கொண்டு போவார். நானுஓயா, தலவாக்கலைப் பக்கம் பேரேடு எழுதி, சேமலாப நிதிக் காசில் மகியாவையிலோ அம்பிட்டியவிலோ வீடு கட்டிக் குடியேறிய இனம். உடம்பு 500 மீற்றர் உயரத்துக்கு இறங்கி வருசக்கணக்காகிவிட்டது. தோல் மட்டும் இன்னும் நுவரெலியாவின் 1,868 மீற்றரிலேயே நிற்கிறது.

தோட்டத்தில் குளிருக்கும் படிநிலை உண்டு. கொழுந்தெடுப்பவர்களுக்குக் கம்பளி, அதையும் சும்மா கொடுத்துவிட மாட்டார்கள், செக்ரோல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தொரைக்குக் கோட்டு. இரண்டுக்கும் நடுவில் கிளாக்கருக்குச் சுவெட்டர். கோட்டுப் போட வக்கில்லை, கம்பளி போர்த்த மனசில்லை என்பதை ஒரே உடுப்பில் சொல்லிவிடும் உத்தியோகச் சின்னம் அது. அதைப் போய்க் கழற்று என்றால் எப்படிக் கழற்றுவார்?

நம்ம ஐயாவின் சுவெட்டருக்குத் தலபுராணமே இருக்கிறது. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரத் தொரை கழற்றிக் கொடுத்ததாம். சொல்லச் சொல்லக் கொடுத்தவருக்கும் பதவி உயர்கிறது: முதலில் சின்னத் தொரை, பிறகு பெரிய தொரை, போன தீபாவளிக்குத் தோட்டங்களைச் சோதிக்க வரும் வி.ஏ. தொரை. கழுத்தில் இருந்த துணிச்சீட்டை உறுத்துகிறது என்று ஐயாவே கத்தரித்துவிட்டதால் சாட்சியம் இல்லை. "நுவரெலியா பேல் பஜார்ல நான் பேரம் பேசி வாங்கினது" என்கிறார் அம்மா. எனக்கு அம்மா பக்கம்தான் நம்பிக்கை.

அதை ஒழிக்க அம்மா செய்யாத சூழ்ச்சி இல்லை. நாய்க்கு விரித்தார், நாயை எழுப்பிவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டார் ஐயா. கனடா மகன் கொண்டுவந்த ஜாக்கெட்டை, "தலகாணிக்குக் கை வச்ச மாதிரி இருக்கு" என்று பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

கடைசியில், தங்கை மகனுக்கு நுவரெலியாவில் வாத்தியார் வேலை கிடைத்தபோதுதான் ஐயா இளகினார். இளகினாலும் கிளாக்கர் கிளாக்கர்தானே! கோடு போட்ட தாளில் பட்டியல் தயாரானது: முழங்கை ஒட்டு 2, பொத்தான் 5 (ஒன்று வேறு நிறம்), பூச்சி அரித்த ஓட்டை 7. கையளித்தவர், பெற்றுக்கொண்டவர் என்று இரண்டு கையெழுத்து. பையன் கும்பிட்டு வாங்கிக்கொண்டு குட்ஷெட்டில் பஸ் ஏறினான். அன்றைக்கே அம்மா அலுமாரியில் அந்த இடத்தில் தன் சேலைகளை அடுக்கிவிட்டார். ஐயா மூன்று வாரம் துண்டைப் போர்த்திக்கொண்டு வாவியைச் சுற்றினார்.

பொங்கலுக்குப் பையன் வந்தான். உடம்பில் பேல் பஜார் ஜாக்கெட், கையில் சுவெட்டர்ப் பொட்டலம்.

"மன்னிச்சுக்கங்க மாமா. விடியக்காலையில புல்லு மேல உறைபனி விழுது. அந்தக் குளிருக்கு இது தாங்கல."

ஐயா இடிந்துபோவார் என்று அம்மா பார்த்தார். அவர் முகமோ மலர்ந்தது.

"எப்படித் தாங்கும்? இது கண்டிக் குளிருக்குன்னே பின்னினதாச்சே!"

உடனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டியலை விரித்து, சுவெட்டரைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தார். ஒட்டு சரி. ஓட்டையும் சரி.

"மாப்பிள்ளை, அஞ்சாவது பொத்தான் எங்கே?"