நன்னூல் நோக்கில் விண்டோஸ் அப்டேட்

விண்டோஸ் அப்டேட் ஏறாமல் போகும் நிலைகளை வகைப்படுத்தத் தனி இலக்கணம் வேண்டியதில்லை. நூலுக்கு ஆகாதவை எனப் பவணந்தி முனிவர் நன்னூலில் அடுக்கிய பத்துக் குற்றங்களே போதும்.

தொண்ணூறு விழுக்காடு வரை விறுவிறுவென ஏறி, கணினி அணைந்து எழுந்ததும் செய்த மாற்றங்களையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொண்டு பழைய இடத்துக்கே வருவது சென்று தேய்ந்திறுதல். ஒரே எண்ணில் மணிக்கணக்காக நிற்பது நின்று பயனின்மை. பார்ப்பவருக்கு அணைக்கவும் துணிவிராது, எழுந்து போகவும் மனம் வராது. எட்ஜ் உலாவியைச் சிபாரிசு செய்யும் மற்றொன்று விரித்தல், ஏறி முடிந்த அப்டேட்டுக்கே உரியதாதலால் இங்கு விடப்பட்டது.

கூறியது கூறலுக்குச் சிறந்த சான்று 2015-இல் கிடைத்தது. விண்டோஸ் 10-க்கு மாற முயன்ற சிலருக்கு ஒரு பெட்டி தோன்றியது. தலைப்பு: ‘ஏதோ நடந்துவிட்டது’. உள்ளே விளக்கம்: ‘ஏதோ நடந்துவிட்டது’.

பிழை எண்கள் இவ்வளவு மோசமில்லை. 8007 எனத் தொடங்குவனவற்றில் கடைசி நான்கு இலக்கங்களே பொருள் தருவன. 80070070 எனில் வட்டில் இடமில்லை; 80070005 எனில் அனுமதியில்லை. 80070643-க்கு மட்டும் ‘நிறுவும்போது பெரும்பிழை’ என்று பொருள். ஏன் ஏறவில்லை என்று கேட்டவருக்கு, ஏறாததால் என்பது விடை.

2024 ஜனவரி 9 அன்று வந்த கேபி 5034441 இந்த எண்ணைப் புகழடையச் செய்தது. பிட்லாக்கர் பூட்டைச் சுற்றிக்கொண்டு போகும் ஓட்டையை அடைக்க வந்த அப்டேட் அது. மீட்புப் பகிர்வில் 250 எம்பி காலியிடம் கேட்டது. பல கணினிகளில் அவ்வளவு இல்லை. இடமில்லை என்று சொல்ல 0070 இருந்தும் 0643 என்றே சொன்னது. மீட்புப் பகிர்வே இல்லாத கணினிகளுக்கும் வந்து தோற்றது. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு இது தேவையில்லை, பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்றது மைக்ரோசாஃப்ட். மயங்க வைத்தல் என்பது இதுதான். மற்றவர்கள் கட்டளை வரியில் பகிர்வை அழித்துப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

பரிகாரங்களுக்கு வரிசை உண்டு. ரீஸ்டார்ட் முதலாவது; இதை இகழ்வோர் பெரும்பாலும் செய்து பாராதவர். அடுத்து சி டிரைவில் இடம் ஒழித்தல், பென்டிரைவைக் கழற்றுதல். பின்னர் அப்டேட் சேவையை நிறுத்தி, சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிப்யூஷன் கோப்புறையின் பெயரை மாற்றினால், பழுதாக இறங்கிய கோப்புகள் ஒதுங்கிப் புதியவை இறங்கும். அதற்கும் மசியாவிட்டால், கெட்ட விண்டோஸ் கோப்புகளைச் சரிசெய்யும் கட்டளைகள்: முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. பலர் மாற்றிச் செய்கிறார்கள். எஸ்எஃப்சி நல்ல கோப்பை எடுக்கும் கிடங்கைச் சரிசெய்வதே டிஸ்மின் வேலை. கிடங்கு கெட்டிருக்க எஸ்எஃப்சி ஓட்டிப் பயனில்லை.

எதுவும் பலிக்காதபோது சும்மா இருத்தலும் ஒரு முறையே. மாதாந்தர அப்டேட்டுகள் திரள்வகையின. அடுத்து வருவது முந்தையதையும் சேர்த்துக் கொண்டுவரும். அதுவரை ஓட்டை திறந்திருக்கும் என்பது இம்முறையின் குறை. அடுத்தது, மாதத்தின் இரண்டாம் செவ்வாயன்று, இந்திய நேரப்படி இரவு பத்தரைக்கோ பதினொன்றரைக்கோ வரும்.