90 நிமிட கேசட்

பார்வையற்ற நண்பருக்காக டேப் ரிக்கார்டர் முன் உட்கார்ந்து பாடப் புத்தகத்தை வாசித்துப் பதிவு செய்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். பிளே, ரெக்கார்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு அத்தியாயத்தைத் தொடங்கினால், தெருவில் போகும் உப்பு வண்டிக்காரர் குரலும் வேப்பமரத்துக் காகமும் பாடத்தோடு சேர்ந்தே 90 நிமிட கேசட்டில் ஏறும்; ஒரு பக்கம் தீர்ந்து பொத்தான் படக்கென்று மேலெழும்போது வாக்கியம் பாதியில் நிற்கும். திருப்பிப் போட்டு மீதியைச் சொல்வோம்.

எங்கள் விடுதி நண்பன் வகுப்பில் குறிப்பெடுக்கும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தடித்த தாளைப் பிரெய்லி சட்டத்தில் மாட்டி, வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவான். தாளைத் திருப்பினால் புள்ளிகள் புடைத்து நிற்கும், விரல் இடமிருந்து வலமாக வாசிக்கும். அவன் கையில் தமிழ் முழுதும் ஆறே புள்ளிகளுக்குள் அடங்கிக் கிடந்ததை வாய் பிளந்து பார்த்த அந்த வயது இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்வு நெருங்கினால் அவன் கட்டிலைச் சுற்றி நாலைந்து பேர் கூடிவிடுவோம். ஒருவன் வாசிக்க, "அந்த வரியை இன்னொரு தரம் படிடா" என்று அவன் நிறுத்த, அந்த இன்னொரு தரத்தில்தான் எங்களுக்கும் பாடம் புரியும். பிறகு எல்லோருமாகத் தேநீர்க் கடைக்கு நடப்போம்.

ஆனால் நாங்கள் சினிமாவுக்குப் போன மாலைகளிலும், விடுமுறைக்கு ஊருக்குப் போன வாரங்களிலும் அவன் படிப்பு எங்களுக்காகக் காத்துக் கிடந்தது. ஒருவன் படிக்க இன்னொருவனுக்கு ஓய்வு கிடைக்கவேண்டும் என்பது நியாயமே அல்ல.

இன்று அவன் கல்லூரி ஆசிரியன். கைப்பேசி அவனுக்கு வாசிக்கிறது, என் காது எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில். கணினியில் என்.வி.டி.ஏ. இருக்கிறது, பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கி இலவசமாகவே உலகுக்குக் கொடுத்த திரைவாசிப்பான் அது. புத்தகத்தை ஒலியாகவோ பிரெய்லியாகவோ மாற்றித் தர 2012 பதிப்புரிமைத் திருத்தம் வழிவிட்டது. அதையே நாடுகளுக்கிடையிலும் எளிதாக்கும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. அவன் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. மாலைகளில் கூடியிருந்த அந்தக் கூட்டம் கலைந்தது எனக்கு ஏக்கம்தான்; அவனுக்குக் கிடைத்த விடுதலைக்கு முன்னால் அந்த ஏக்கம் சிறியது.

இருந்தும், சென்ற மாதம் தொலைபேசியில் பேசும்போது, மாணவர் ஒருவர் அனுப்பிய கட்டுரையைத் தன் கணினி எப்படி வாசித்தது என்று சொல்லிக் காட்டினான். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. திரையில் நமக்கு 'அம்மா' என்று தெரிவது, அவனுக்கு 'எம், கே, செமிகோலன், கே, எச்' என்று கேட்கிறது. ஒளிப்படமாக எடுத்து பி.டி.எஃப். ஆக்கிய புத்தகமென்றால், எழுத்தைப் பிரித்தெடுக்கும் மென்பொருளில் போட்டாலொழிய அதுகூடக் கிடைக்காது. எழுத்துருச் சிக்கலுக்குத் தீர்வான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுவிட்டது. பழைய எழுத்துருக்கள் இன்னும் நம் மேசைகளை விட்டுப் போகவில்லை.

பாடக்குறிப்பு அனுப்பும் ஆசிரியர்களே, நூல் அச்சிடும் பதிப்பாளர்களே, யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை.